யாருக்காக எடுத்த படம்?

அத்தியாயம் 6: குடும்பப் படங்களிலிருந்து புலம்பெயர்வின் கதையை மீட்பது

பழைய படங்கள் கிடக்கும் டப்பாவைத் திறந்ததும் நாம் கேட்கும் முதல் கேள்வி, “இது யாரு?” என்பதுதான். பெரியவர்கள் பெயரைச் சொல்வார்கள், முறையைச் சொல்வார்கள், அதோடு பேச்சு முடிந்துவிடும். கடல் தாண்டிப் போன குடும்பத்துக்கும், போய்த் திரும்பிய குடும்பத்துக்கும், திரும்பிய பின் மறுபடி வேறு நாட்டுக்குக் கிளம்பிய குடும்பத்துக்கும் இந்தக் கேள்வி போதாது. அவர்களிடம் “இந்தப் படத்தை யாருக்காக எடுத்தீங்க?” என்று கேளுங்கள்.

கூலி வேலையில் பிழைத்த குடும்பம் சும்மா படம் எடுத்துக்கொண்டதில்லை. ஸ்டூடியோவுக்குப் போக ஒரு நாள் வேலை கெடும், நல்ல துணி வேண்டும், பிரதிக்குக் காசு வேண்டும். யாரோ கேட்டதால்தான் எடுத்தார்கள். கேட்டது கண்டியில் ஓர் அலுவலகமாக இருக்கலாம், பினாங்கில் இருந்த மூத்த மகனாக இருக்கலாம், டொராண்டோவில் பெண் தேடிய மாப்பிள்ளை வீடாக இருக்கலாம். கேட்டவரைக் கண்டுபிடித்துவிட்டால் குடும்பம் ஏன் கிளம்பியது, எந்தப் பெயரில் போனது, யாரை விட்டுவிட்டுப் போனது என்பதெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வரும். இந்த அத்தியாயத்தில் சொல்லும் வேலைகள் எல்லாவற்றுக்கும் அடிப்படை அந்த ஒரு கேள்விதான்.

மூன்று குவியலாகப் பிரியுங்கள்

கிடைத்த படங்களை ஆண்டு வாரியாக அடுக்கத் தொடங்காதீர்கள். முதலில் தரையில் ஒரு வெள்ளை வேட்டியை விரித்து, படங்களை மூன்று குவியலாகப் பிரியுங்கள்: அலுவலகத்துக்காக எடுத்தவை, தூரத்தில் இருந்தவருக்காக எடுத்தவை, தங்களுக்காகவே எடுத்துக்கொண்டவை. சந்தேகமானவற்றைத் தனியே வையுங்கள். பேசப் பேச அவை தம் குவியலைத் தாமே கண்டுகொள்ளும்.

*அலுவலகம் கேட்ட படம்.* கடல் கடந்த தமிழர்களின் முதல் படங்களில் பல, அதிகாரம் கேட்டு எடுத்தவை. மொரீஷியஸில் ஒப்பந்தக் கூலிகளாக இறங்கியவர்களை 1860களிலேயே அரசு படம் எடுத்து ஆவணத்தில் சேர்த்தது. சென்னையிலிருந்து கப்பலேறியவர்களும் அவர்களில் உண்டு. மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் அந்த ஆவணங்கள் இன்றும் இருக்கின்றன. மலாயாவில் 1948இல் அவசரகாலச் சட்டம் வந்தபோது, 12 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் படமும் கைரேகையும் கொண்ட அடையாள அட்டை கட்டாயமானது. தோட்டத்தில் பால்மரம் வெட்டிய பலருக்கு வாழ்க்கையின் முதல் படமே அந்த அடையாள அட்டைப் படமாகத்தான் இருந்திருக்கும்.

இலங்கை மலையகத்துக் குடும்பங்களின் கதை இன்னும் கடுமையானது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம், 9,75,000 பேரைக் கணக்கில் எடுத்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டது. மீதி 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. அந்தப் பங்கீடு ஒவ்வொரு குடும்பத்துக்குள்ளும் நுழைந்தது. அண்ணன் இந்தியப் பிரஜை, தம்பி இலங்கைப் பிரஜை என்று ஆன வீடுகள் உண்டு. ஆகவே பாஸ்போர்ட்டுக்காக எடுத்த குடும்பப் படத்தைப் பார்க்கும்போது, அதில் இருப்பவர்களை எண்ணிய பிறகு இல்லாதவர்களையும் எண்ணுங்கள்.

*தூரத்துக்கு அனுப்பிய படம்.* புதிதாகப் பிறந்த குழந்தை, புது சைக்கிள், கட்டி முடித்த வீடு, வயசுக்கு வந்த பெண், இறந்தவரைச் சுற்றி உற்றார் நிற்கும் படம், இவையெல்லாம் வர முடியாதவர்களுக்காக எடுத்தவை. எதிர்த்திசையிலிருந்தும் படங்கள் வந்தன. பனி கொட்டிய தெருவில், கார் மேல் கை வைத்து நிற்கும் தம்பியின் படம் யாழ்ப்பாணத்து வீட்டுக்கு வரும். கார் அவனுடையதா, பக்கத்து வீட்டுக்காரருடையதா என்று தெரியாது. “நல்லா இருக்கிறன், யோசிக்காதேங்கோ” என்று அம்மாவுக்குச் சொல்ல எடுத்த படம் அது. அதை அந்த அன்போடே படிக்க வேண்டும்.

*தங்களுக்காக எடுத்துக்கொண்டது.* இந்தக் குவியல்தான் மிகச் சிறியதாக இருக்கும். தீபாவளிக்குத் தோழிகள் சேர்ந்து நுவரெலியாவில் எடுத்துக்கொண்ட படம், கூத்து வேஷத்தோடு எடுத்த படம், சங்கக் கூட்டத்துப் படம். யாரும் கேட்காமல் தங்களை எப்படிப் பார்த்துக்கொள்ள விரும்பினார்கள் என்பதற்கு இவையே சாட்சி. அடையாளம் பற்றிய உங்கள் தேடலை இங்கிருந்து தொடங்குங்கள்.

பிரதி எடுக்கும் முறை

பேச உட்காரும் முன்பே எல்லாப் படங்களுக்கும் பிரதி எடுத்துவிடுங்கள். ஒரிஜினலை ஒரே ஒரு முறை தொட்டு வேலையை முடித்துவிட வேண்டும்.

- கையைக் கழுவி ஈரம் போகத் துடைத்துக்கொள்ளுங்கள். படத்தை விளிம்பில் மட்டும் பிடியுங்கள்.
- அஞ்சலட்டை அளவுப் படத்துக்கு 600 டிபிஐ, பாஸ்போர்ட் அளவுப் படத்துக்கு 1200 டிபிஐ வைத்து ஸ்கேன் செய்யுங்கள். மூலக் கோப்பு டிஃப் வடிவிலும், அனுப்பவும் பார்க்கவும் ஒரு பிரதி ஜேபெக் வடிவிலும் இருக்கட்டும்.
- கறுப்பு வெள்ளைப் படத்தையும் கலரிலேயே ஸ்கேன் செய்யுங்கள். பழுப்பும் மைக்கறையும் கையால் பூசிய வண்ணமும் தகவல்கள்.
- ஒவ்வொரு படத்தின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்டூடியோ முத்திரை, நெகடிவ் எண், கையெழுத்து, அஞ்சல் முத்திரை எல்லாம் அங்கேதான் இருக்கும்.
- ஸ்கேனர் இல்லையென்றால் ஜன்னலோரம் நேர்வெயில் படாத வெளிச்சத்தில் படத்தைக் கிடத்தி, போனை அதற்கு நேர் மேலே மட்டமாகப் பிடித்து எடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம்.
- சுவரில் மாட்டிய படம் கண்ணாடியில் ஒட்டியிருந்தால் பிரிக்கவே பிரிக்காதீர்கள். பிரித்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். உங்களுக்குப் பின்னால் கறுப்புத் துணி ஒன்றைப் பிடிக்கச் சொல்லி, கண்ணாடிக்கு மேலாகவே எடுங்கள்.
- கோப்புக்குப் பெயர் வையுங்கள்: “1967_ஹட்டன்_பாஸ்போர்ட்_முன்”, “1967_ஹட்டன்_பாஸ்போர்ட்_பின்” என்பது போல. ஆண்டு தெரியாவிட்டால் “196அ” என்று பத்தாண்டையாவது குறியுங்கள்.
- சொந்தங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டாக்குமென்டாக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் அளவு சுருங்கி நுணுக்கம் போய்விடும்.

கிழிந்ததைச் சரிசெய்யவும், கறையை நீக்கவும், ஆப் கொண்டு முகத்தைப் பளபளப்பாக்கவும் கை பரபரக்கும். மூலக் கோப்பில் அதைச் செய்யாதீர்கள். ஒரு பாதி வெட்டப்பட்ட படம் என்றால், யார் வெட்டினார், ஏன் வெட்டினார் என்பதும் கதையின் பகுதி. இந்தியாவிலிருந்து 18 வயதில் அமெரிக்காவுக்குப் போன பிரியா காம்ப்ளி என்ற புகைப்படக் கலைஞர் இதை நன்றாகப் புரிந்துகொண்டவர். பெற்றோர் இறந்தபின் அவரும் சகோதரியும் வீட்டுப் படங்களைப் பங்கு பிரித்துக்கொண்டார்கள். அவற்றில் சிலவற்றில், அவருடைய அம்மா தன் முகத்தை மட்டும் வெட்டி எடுத்திருந்தார். பிள்ளைகளின் முகத்துக்குச் சேதமில்லை. பிரியா அந்த ஓட்டைகளை அடைக்கவில்லை. பிரிந்து கிடந்த படங்களையும் இல்லாத முகங்களையும் வைத்தே தன் கலையை அமைத்துக்கொண்டார்.

படம் எந்தக் காலத்தது?

பெரியவர்கள் “அப்போ உங்க சித்தப்பா கைக்குழந்தை” என்று காலம் சொல்வார்கள். அது நல்ல கணக்கு. படத்தின் பின்பக்கத்திலும் கூட வந்த காகிதங்களிலும் உள்ள சின்னச் சின்ன அடையாளங்களை அதோடு சேர்த்தால் காலம் இன்னும் இறுகும்.

- முத்திரையில் “சிலோன்” என்றிருந்தால் பெரும்பாலும் 1972 மே மாதத்துக்கு முந்தையது. அதன்பின் நாட்டின் பெயர் ஸ்ரீலங்கா.
- “மலாயா” என்றால் 1963 செப்டம்பருக்கு முன். “போர்ட் சுவெட்டன்ஹாம்” என்றால், அந்தத் துறைமுகம் போர்ட் கிள்ளான் என்று பெயர் மாறிய 1972க்கு முன்.
- இந்திய ஸ்டூடியோ முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15க்குப் பின். “மெட்ராஸ் ஸ்டேட்” என்றிருந்தால் 1969க்கு முன் அச்சடித்த அட்டை.
- “ராஜுலாவில் வந்தோம்” என்று பெரியவர் சொன்னால் 1926க்கும் 1973க்கும் இடைப்பட்ட பயணம். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடிய கப்பல் அது. “சிதம்பரம் கப்பல்” என்றால் 1970களிலிருந்து, அது 1985இல் தீப்பற்றிய காலம் வரை.
- தனுஷ்கோடியில் இறங்கினோம் என்றால் 1964 டிசம்பர் புயலுக்கு முன். ராமேஸ்வரத்தில் இறங்கினோம் என்றால் பெரும்பாலும் அதற்குப் பின், 1984இல் தலைமன்னார்க் கப்பல் நிற்பதற்கு முன்.

கடைகள் பழைய அட்டைகளையும் முத்திரைகளையும் பெயர் மாறிய பின்னும் சில காலம் பயன்படுத்தியிருக்கும். ஆகவே ஒரே அடையாளத்தை நம்பி ஆண்டை எழுதிவிடாதீர்கள். இரண்டு அடையாளங்களாவது ஒத்துப்போக வேண்டும்.

பெரியவரோடு உட்காருவது

ஒரு நாளைக்கு ஐந்தாறு படம் போதும். பிரதியைப் பெரிதாக அச்சிட்டு எடுத்துப் போங்கள். வயதானவர்களுக்குப் போன் திரையில் முகம் பிடிபடாது. போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, ஒலிப்பதிவை ஓடவிட்டு, பதிவாகிறது என்று வாய்விட்டுச் சொல்லி, சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள். படத்தை அவர் கையிலேயே கொடுங்கள். விரல் எந்த முகத்தில் நிற்கிறது என்று கவனியுங்கள். அங்கிருந்து பேச்சைத் தொடங்கலாம்.

கோத்தகிரிப் பக்கம் டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பாட்டியை நினைத்துக்கொள்வோம். கையில் இருப்பது பாஸ்போர்ட்டுக்காக எடுத்த குடும்பப் படம். பேத்தி கேட்கிறாள்.

“அப்பாயி, இது எதுக்கு எடுத்தது?”

“பாஸ்போட்டுக்கு. கண்டிக்கு எழுதிப்போடணும்னு கணக்கப்பிள்ளை சொன்னாரு. டவுனுக்குப் போய் எடுத்தோம்.”

“தாத்தா கோட்டு போட்டிருக்காரே?”

“அவரு கோட்டா அது? ஸ்டூடியோக்காரரு மாட்டிவிட்டது. கையி எவ்வளவு நீட்டு பாரு, விரலே தெரியல.”

“சின்னத் தாத்தா எங்க?”

“அவருக்கு அங்கயே பிரஜாவுரிமை கெடைச்சிருச்சும்மா. நாங்கதான் கப்பலேறுனோம்.”

மூன்றே கேள்வியில் ஒப்பந்தமும் வந்துவிட்டது, பிரிவும் வந்துவிட்டது. “பிரிந்தபோது எப்படி இருந்தது?” என்று பேத்தி கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். மனத்தை நேரடியாகத் துருவும் கேள்விக்குப் பெரியவர்கள் “என்னத்தச் சொல்ல” என்று முடித்துவிடுவார்கள். கோட்டைப் பற்றிக் கேட்டால் எல்லாம் வரும்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டிய கேள்விகள்:

- யார் கேட்டு எடுத்தது? எத்தனை பிரதி போட்டீங்க? மற்றது யார் யாருக்குப் போச்சு?
- எந்த ஊர் ஸ்டூடியோ? எப்படிப் போனீங்க? அன்னைக்கு வேலைக்கு லீவு கெடைச்சுதா?
- இந்தச் சேலை, நகை, செருப்பு யாருது?
- அன்னைக்கு வீட்டுல இருந்தும் படத்துல இல்லாதது யாரு?
- பேப்பர்ல எழுதின பேரும் வீட்டுல கூப்பிட்ட பேரும் ஒண்ணுதானா? வயசை எதைச் சொல்லிப் போட்டாங்க?
- கிளம்பும்போது இந்தப் படம் எந்தப் பெட்டியில், யார் பொறுப்பில் வந்துச்சு?

பெயர், வயது பற்றிய கேள்வியைத் தவறவிடாதீர்கள். கங்காணியோ கிராணியோ அதிகாரியோ காதில் விழுந்தபடி எழுதிய பெயர், அந்த மனிதரின் நிரந்தரப் பெயராகிவிட்டது. பிற்காலத்தில் பேரப்பிள்ளைகள் சாதிச் சான்றிதழுக்கும் பென்ஷனுக்கும் அலையும்போது இரண்டு பெயர்களும் ஒருவரே என்று காட்ட வேண்டிவரும். நீங்கள் இன்று எழுதிவைக்கும் குறிப்பு அப்போது உதவும்.

பெரியவர் கண்கலங்கினால் பதிவை நிறுத்துங்கள், தேநீர் போட்டுக்கொடுங்கள், அன்றைக்கு அதோடு முடித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை அவரே தொடங்குவார்.

வீட்டில் படமே இல்லை என்றால்

1983 ஜூலைக் கலவரத்தில் வீடு எரிந்தவர்கள், 1995 அக்டோபர் இறுதியில் போரால் யாழ்ப்பாணத்து வலிகாமத்தை விட்டு இரவோடிரவாக வெளியேறியவர்கள், பயத்தில் படங்களைத் தாங்களே எரித்தோ புதைத்தோ விட்டவர்கள் என்று ஈழத்துக் குடும்பங்கள் பலவற்றில் ஆல்பம் என்ற ஒன்றே மிஞ்சவில்லை. பர்மாவிலிருந்து 1942இல் காட்டு வழியே நடந்து வந்தவர்களுக்கும், 1964க்குப் பின் நே வின் ஆட்சியில் கடைகளை இழந்து கப்பலேறியவர்களுக்கும் இதே நிலைதான்.

இங்கேதான் “யாருக்கு அனுப்பினீங்க?” என்ற கேள்வி பெரும்பலன் தரும். வீட்டில் இருந்த படம் அழிந்திருக்கும், தபாலில் போன பிரதி அழிந்திருக்காது. லண்டன் பெரியப்பா வீட்டு அலமாரியில், பாரிஸின் லா ஷப்பேலில் கடை வைத்திருக்கும் மாமா வீட்டில், டொராண்டோ சித்தியின் சூட்கேஸில் உங்கள் அம்மாவின் குழந்தைப் படம் இருக்கக்கூடும். யாருக்கெல்லாம் படம் போனது என்று ஒரு பட்டியல் போட்டு ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். கேட்கும்போது நீங்கள் தேடும் படத்தை மட்டும் கேட்காமல், “எங்கட வீட்டில இருந்து வந்த கடிதம், படம் எல்லாம் பின்பக்கத்தோட எடுத்து அனுப்புங்கோ” என்று கேளுங்கள்.

தேட வேறு இடங்களும் உண்டு. யாழ்ப்பாண மரபில் இறந்தவருக்கான அந்தியேட்டிச் சடங்கை ஒட்டி வெளியிடும் நினைவு மலரில், கல்வெட்டு என்று சொல்வார்களே அதில், இறந்தவரின் படமும் வாழ்க்கைக் குறிப்பும் பெரும்பாலும் வம்சாவளியும் இருக்கும். 2005 முதல் இயங்கும் நூலகம் நிறுவனம், ஈழத்து நூல்களோடும் இதழ்களோடும் இத்தகைய மலர்களையும் டிஜிட்டலாக்கிச் சேர்த்து வைத்திருக்கிறது. பள்ளிக்கூட மலர்கள், கோயில் கும்பாபிஷேக மலர்கள், தொழிற்சங்க ஆண்டு மலர்கள் ஆகியவற்றையும் புரட்டுங்கள். கூட்டத்தில் ஒரு முகமாக உங்கள் தாத்தா நிற்கலாம். பழைய ஸ்டூடியோ இன்னும் இயங்கினால் நெகடிவ் எண்ணோடு போய்க் கேளுங்கள். பெரும்பாலும் தூக்கி எறிந்திருப்பார்கள், ஆனாலும் கேட்பது நம் கடமை. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழகத்துப் பழைய ஸ்டூடியோப் படங்களைத் தேடி டிஜிட்டலாக்கியதே, அப்படி மிஞ்சியவை இன்னும் இருக்கின்றன என்பதால்தான்.

இப்போது நீங்கள் எடுக்க வேண்டிய படங்கள்

மூன்று குவியலையும் பார்த்து முடித்ததும் ஒரு பெரிய இடைவெளி கண்ணில் படும். அந்த மக்களின் உழைப்பு குடும்ப ஆல்பத்தில் இருக்காது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களம், தோட்டத்து வரிசை வீடான லயத்தின் அடுப்படி, கொழுந்துக் கூடை, பால்வாளி, ஐரோப்பிய உணவகங்களின் கோப்பை கழுவும் அறை எதையும் யாரும் கேட்கவில்லை, அதனால் யாரும் எடுக்கவில்லை. தோட்டத்துப் படங்களைத் துரைமார்களும் கம்பெனிகளும் தங்கள் தேவைக்கு எடுத்தார்கள். அவற்றில் பெண்கள் சிரித்தபடி கொழுந்து எடுப்பார்கள், பெயர் இருக்காது. யாரும் கேட்காத அந்தப் படங்களை உங்கள் குடும்பத்துக்காக எடுக்க வேண்டியவர் நீங்கள்.

*பொருள்கள்.* கப்பலில் வந்த டிரங்குப் பெட்டி, கம்பளி, கவ்வாத்துக் கத்தி, இடுப்பில் கட்டும் படங்கு, வெற்றிலை உரல், ஆறு நாட்டு முத்திரை விழுந்த பாஸ்போர்ட். ஜன்னலுக்குப் பக்கவாட்டில், சாயம் போன ஒரு துணியின் மேல் வைத்து எடுங்கள். பக்க வெளிச்சத்தில் தேய்மானம் தெரியும். அந்தத் தேய்மானத்துக்காகத்தான் எடுக்கிறோம். பெட்டியின் மேல் பெயின்டில் எழுதிய பெயரும் எண்ணும் வாசிக்கத் தெளிவாக வரட்டும்.

*கைகள்.* தேயிலைக் கறை படிந்து வெடித்த விரல்நுனிகளை நெருக்கமாக எடுங்கள். வேலை செய்யும் விதத்தைச் செய்துகாட்டச் சொல்லி எடுத்தால் உடம்பு தானாகப் பழைய பழக்கத்துக்குத் திரும்பும். கொழுந்து கிள்ளும் அசைவு எழுபது வயதிலும் மறக்காது.

*முகங்கள்.* முக்கால் உருவப் படத்துக்கு 50 மிமீ லென்ஸ் போதும். போன் என்றால் அகலக்கோண லென்ஸைத் தவிருங்கள், பக்கத்திலிருந்து எடுத்தால் அது முகத்தை உருக்குலைக்கும். எங்கே உட்கார வேண்டும், என்ன உடுத்த வேண்டும், யார் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதை அவரே முடிவு செய்யட்டும். அன்று அலுவலகம் சொன்னபடி நின்றவருக்கு, இன்று தன் விருப்பப்படி இருக்கும் உரிமையைக் கொடுங்கள். பட்டுச்சேலை கட்டித்தான் உட்காருவேன் என்றால் பட்டுச்சேலைதான்.

*இடங்கள்.* மண்டபத்துக்குப் போங்கள். இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் அனுப்பிய காலத்தில் தடுத்துவைத்து மருத்துவச் சோதனை செய்த அதே ஊர் முகாம்தான், பிறகு திரும்பி வந்தவர்களையும் வரவேற்றது. போகும்போது கொள்ளுத்தாத்தா காத்திருந்த மண்ணில் திரும்பும்போது பேரன் காத்திருந்தான். நீலகிரியில் டான்டீ தோட்டங்கள் இருக்கின்றன. தாயகம் திரும்பியோருக்காக 1968இல் தொடங்கிய திட்டம், 1976இல் அரசுக் கழகமானது. குடும்பம் இருந்த லயம், பிள்ளைகள் படித்த பள்ளி, முதல் சம்பளத்தில் சாமான் வாங்கிய கடை என்று உங்களுக்கான வரைபடத்தைப் பெரியவரிடம் கேட்டுப் போட்டுக்கொண்டு கிளம்புங்கள். காலை மூடுபனியில் வெளிச்ச அளவுமானி ஏமாறும், படம் சாம்பலாக வரும். எக்ஸ்போஷரை ஒரு படி கூட்டி வையுங்கள்.

*உங்களை.* இந்தத் தொகுப்பில் உங்கள் படமும் வேண்டும். இங்கிலாந்தில் பிறந்து இந்தியாவில் வளர்ந்து அமெரிக்காவில் வாழும் அன்னு பாலக்குன்னத்து மாத்யூ, பழைய குடும்பப் படங்களையும் தான் எடுத்த புதுப் படங்களையும் இணைத்து, ஒரே குடும்பத்தின் பல தலைமுறைப் பெண்களை ஒரே சட்டகத்தில் வரவைத்தார். அந்த அளவு தொழில்நுட்பம் வேண்டாம். அப்பாயி உட்கார்ந்த விதத்தில் நீங்களும் உட்கார்ந்து, அதே உயரத்தில் கேமராவை ஸ்டாண்டில் வைத்து, டைமரில் எடுங்கள். இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எது மாறவில்லை என்பதை எழுதிவையுங்கள்.

காட்டக் கூடாத படங்கள்

சில படங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டியவை. புகலிடக் கோரிக்கை நிலுவையில் உள்ளவர், ஊரில் இன்னும் கண்காணிப்புக்கு அஞ்சி வாழ்பவர், போராளி இயக்கத்தில் இருந்து இறந்தவர் ஆகியோரின் முகம் இணையத்தில் வந்தால் உயிரோடு இருப்பவர்களுக்கு ஆபத்து வரலாம். உங்களுக்கு அது வரலாறாக இருக்கும், அவர்களுக்கு அது இன்றைய வாழ்க்கை. சம்பந்தப்பட்ட ஒவ்வொருவரிடமும் மூன்று தனிக் கேள்விகளாகச் சம்மதம் கேளுங்கள்: வீட்டாருக்குக் காட்டலாமா? அச்சிடலாமா? இணையத்தில் போடலாமா? ஒன்றுக்குச் சரி சொன்னவர் மற்றதற்கும் சரி சொன்னதாக ஆகாது. இறந்தவருக்காக அவருக்கு மிக நெருங்கியவரைக் கேளுங்கள்.

தமிழகத்து இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களுக்குள் படம் எடுக்க மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். அனுமதியில்லாமல் எடுத்துவிட்டு நீங்கள் ஊருக்குப் போய்விடுவீர்கள், விசாரணைக்குப் பதில் சொல்ல வேண்டியவர் உங்களை உள்ளே அழைத்துப்போன அக்காதான்.

சாதி, இரண்டாம் தாரம், ஓடிப்போன திருமணம், மதமாற்றம் போன்ற செய்திகள் பேச்சில் வெளிவரும். ஒலிப்பதிவில் இருக்கட்டும். எழுத்தில் கொண்டுவருவதா என்பதைச் சொன்னவரே முடிவு செய்யட்டும்.

வரிசையும் குறிப்பும்

எல்லாப் படங்களையும் அஞ்சலட்டை அளவில் அச்சடித்துத் தரையில் பரப்புங்கள். முப்பது நாற்பது படங்கள் கொண்ட ஒரு புத்தகத்துக்குத் தேர்ந்தெடுங்கள். பழைய படத்தையும் புதிய படத்தையும் எதிரெதிர்ப் பக்கத்தில் வைக்கும்போது, ஒன்று இன்னொன்றிடம் கேள்வி கேட்பதாக இருக்க வேண்டும். பாஸ்போர்ட் படத்துக்கு எதிரே, இலங்கையிலேயே தங்கிவிட்ட தம்பி குடும்பத்தின் இன்றைய படம் வந்தால் ஒப்பந்தத்தைப் பற்றித் தனியே விளக்கவே வேண்டாம்.

ஒவ்வொரு படத்துக்கும் நான்கு வரிக் குறிப்பு: யார், எங்கே, எப்போது, யாருக்காக. நான்காவது வரி இந்தப் புத்தகத்தின் உயிர். ஊகத்தை “பெரும்பாலும்” என்று குறித்து எழுதுங்கள். பெரியவர் சொன்ன வாக்கியத்தை அவர் பேசிய விதமாகவே, “பிரஜாவுரிமை”, “லயம்”, “பெரட்டு” எல்லாம் மாறாமல் எழுதுங்கள். குறிப்பைப் படத்தின் பின்னால் எழுதுவதானால் மென்மையான பென்சில் போதும். பேனா வேண்டாம். வழுவழுப்பான கலர் பிரின்டில் பென்சில் பிடிக்காது, அதற்குக் காகித உறையில் எழுதிப் படத்தை உள்ளே வையுங்கள். ஒட்டும் பக்கங்கள் கொண்ட ஆல்பத்தில் படங்களை வைக்காதீர்கள், அந்தப் பசை படத்தைத் தின்றுவிடும். பரணையும் சமையலறைச் சுவரை ஒட்டிய அலமாரியையும் தவிர்த்து, உலர்ந்த பீரோவில் வையுங்கள்.

டிஜிட்டல் கோப்புகளுக்கு மூன்று பிரதி வேண்டும்: ஒன்று கணினியில், ஒன்று தனி ஹார்ட்டிஸ்கில், ஒன்று வேறு ஊரிலோ வேறு நாட்டிலோ இருக்கும் சொந்தக்காரரிடம்.

பயிற்சி

1. வீட்டிலுள்ள மிகப் பழைய பாஸ்போர்ட் அளவுப் படத்தைத் தேடி எடுங்கள். எந்த அலுவலகத்துக்காக எடுத்தது என்று கண்டுபிடித்து ஒரு பக்கம் எழுதுங்கள்.
2. தபாலில் போன ஒரு படத்தின் மறுபிரதி எந்த நாட்டில் இருக்கிறது என்று தேடுங்கள். இரண்டின் பின்பக்கங்களையும் ஒப்பிடுங்கள்.
3. குடும்பப் படம் ஒன்றில் இல்லாத ஒருவரைத் தேர்ந்துகொள்ளுங்கள். அவர் உயிரோடு இருந்தால் அவரைப் போய்ப் படம் எடுங்கள். இல்லையென்றால் அவர் விட்டுச்சென்ற பொருளை எடுங்கள்.
4. குடும்பத்தில் யாரும் படம் எடுத்திராத ஒரு வேலையை ஐந்து படங்களில் பதிவு செய்யுங்கள்.
5. நீங்கள் அச்சிட்ட முதல் புத்தகத்தை, அதிகம் பேசிய பெரியவரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். அவர் பிழை சொன்னால் திருத்தி மறு பதிப்புப் போடுங்கள். அவர் ஒப்புக்கொண்ட பதிப்புதான் உங்கள் குடும்பத்தின் பதிப்பு.

நம் முன்னோரின் முகத்தை நெடுங்காலம் மற்றவர்கள் தங்கள் கோப்புக்காகக் கேட்டுவந்தார்கள். கேட்டவர் தேவை முடிந்ததும் அந்தக் கோப்பு மூடப்பட்டது. இனி அந்தப் படங்களைக் கேட்கப்போகிறவர்கள் நம் பிள்ளைகள். அவர்கள் கேட்கும்போது பெயரும் ஊரும் காரணமும் சேர்ந்த படமாக எடுத்துக் கொடுக்க வேண்டும். அதற்கான வேலையை, சொல்லத் தெரிந்தவர் நம்மோடு இருக்கும்போதே, இந்த வாரமே தொடங்குங்கள்.